முதல் திரையில் அவர் பெயர்

என் வயதில் என் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் கோட் எழுதுவதை விட்டுவிட்டார்கள். மீட்டிங் போகிறார்கள், அடுத்தவர் எழுதியதைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள், சாயங்காலம் முதுகு வலிக்கிறது என்கிறார்கள். சென்னையில் என்னோடு வேலைக்குச் சேர்ந்தவர்களில் இன்னும் தன் கையால் புரோகிராம் எழுதிக்கொண்டிருப்பவள் நான் ஒருத்திதான். எங்கே பார்த்தாலும் அவர்கள் கேட்பது ஒன்றைத்தான். "இன்னுமா உனக்கு இது பிடிக்குது?" பிடிக்கிறது என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை மூடிவிடுவேன். ஏன் பிடிக்கிறது என்று யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு மனிதரைப் பழிவாங்கத்தான் நான் கோட் எழுதினேன். மற்றவர்கள் ஆர்வம், படைப்பு என்றெல்லாம் அழகாகச் சொல்லிக்கொள்கிறார்கள். என்னுடையது சுத்தமான வன்மம். அதை நான் பசு மாட்டைப் போல வேளாவேளைக்குத் தீனி வைத்து வளர்த்தேன், அதுவும் ஒரு நாள் கூட எனக்குப் பால் கொடுக்காமல் இருந்ததில்லை.

அவர் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். தொண்ணூறுகளின் கடைசி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடி. படியேறும்போது யூரியா வாசனை, கண்ணாடிக் கதவைத் திறந்தால் ஏசிக் குளிர். செருப்பைப் படியிலேயே விட்டுவிட வேண்டும், செருப்போடு போனால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று அவர் சொன்னதை ஊரே நம்பியது. ஆனால் அவர் மட்டும் ஷூவோடு உள்ளே நடப்பார்.

என் அப்பா மலை லாரியில் லோடுமேன். கல்வராயன் மலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாக இறங்கி, சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி மில்களில் கொட்டுகிற வேலை. அம்மா அந்த மில்களில் ஒன்றில் கிழங்குக்குத் தோல் உரித்தாள். பிளஸ் டூ முடித்த என்னை டைப்பிங் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். அந்த சென்டரில் கூட்டிப் பெருக்கி, வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுக்கொடுத்தால் ஃபீஸ் வேண்டாம் என்றார் அவர். அதற்குச் சரி சொல்லிவிட்டு, கூட்டம் இல்லாத மத்தியான நேரங்களில் புரோகிராம் எழுத அங்கே வைத்திருந்த பாக்ஸ்புரோவின் உதவிப் பக்கங்களை அகராதி வைத்துப் படித்துப் படித்து நானே கற்றுக்கொண்டேன். அவருக்கு அதில் பாதி கூடத் தெரியாது. கீபோர்டில் ஒற்றை விரலால் கோழி மாதிரி கொத்துவார்.

ஒரு மில்லிலிருந்து அவருக்கு ஆர்டர் வந்தது. சீசனில் மில் கேட்டுக்கு வெளியே லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கும். எந்த லாரியை முதலில் உள்ளே விடுவது என்று தினமும் கைகலப்பு. அந்த வரிசையைக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள் என்று முதலாளி நினைத்தார். இவர் ஒப்புக்கொண்டு வந்துவிட்டார். வந்தபின் தினமும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுந்து, கடைசியில், "இத நீ பாரும்மா, எனக்கு வெளிய வேலைக்கீது" என்று என்னிடம் தள்ளினார்.

வந்த வண்டி வந்த வரிசையில் போகட்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் நான் லோடுமேன் மகள். பிடுங்கிய கிழங்கு உள்ளுக்குள் கறுக்கத் தொடங்கிவிடும், மாவு குறைந்துகொண்டே போகும். மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கிற கீழ்நாட்டுக்காரன் விடியற்காலையில் பிடுங்கி, காலைப் பலகாரத்துக்கு முன்னால் மில் வாசலில் நிற்பான். மலையில் அப்படி இல்லை. முந்தின நாள் பிடுங்கி, தலைச்சுமையாக ஓடை தாண்டி ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கவே பொழுது போய்விடும். இருட்டில் லாரியை மலையிலிருந்து இறக்க முடியாது. மறுநாள் அந்த வண்டி மில்லுக்கு வரும்போது முன்னால் ஊர்ப்பட்ட வண்டி நிற்கும். கடைசியாக வருவது மலை வண்டி, ரொம்பப் பழைய கிழங்கும் அதில் இருப்பதுதான். அப்பா இதைச் சொல்லித் திட்டாத நாள் இல்லை.

அதனால் நான் வந்த நேரத்தை வைத்து வரிசை போடவில்லை. பிடுங்கிய நேரத்தை வைத்துப் போட்டேன். டிரைவரைக் கேட்டால் பொய் சொல்வான், எனவே மலையில் எந்த ஊர்க் கிழங்கு ரோட்டுக்கு வர எவ்வளவு நேரமாகும், மழை பெய்தால் எவ்வளவு கூடும் என்று அப்பாவிடம் ஊர் ஊராகக் கேட்டு அதை புரோகிராமுக்குள்ளேயே வைத்தேன். ஓட்டிப் பார்த்தபோது கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில், கடைசியில் வந்த மலை வண்டி மெல்ல மேலே ஏறி முதல் இடத்தில் போய் நின்றது. யாரும் தொடவில்லை, அதுவாகவே போய் நின்றது. நான் எழுந்து அந்த ஏசி ரூமில் தனியாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். அவ்வளவு சந்தோஷம். அதற்கு முன்னால் என் பேச்சைக் கேட்டு எதுவும் அசைந்ததில்லை.

மில் முதலாளி பார்க்க வந்த அன்றைக்கு முதல் திரையில் அவர் பெயர் பெரிதாக மின்னியது. உருவாக்கியவர் என்று போட்டு, இனிஷியலோடு. அதை மட்டும் எப்படிச் சேர்ப்பது என்று எங்கேயோ கேட்டுக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். நான் துடைப்பத்தோடு சுவர் ஓரம் நின்றேன். புரோகிராம் ஓடியது, மலை வண்டி மேலே ஏறியது. அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. அது ஏன் ஏறுகிறது என்று அவருக்குத் தெரியாது.

"இது இந்தப் பொண்ணு பண்ண தப்பு சார். டேட்டா அடிக்க வுட்டேன், எங்கியோ மாத்தி அடிச்சிக்கிது. சரி பண்ணிடறேன்."

முதலாளி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏன் சரி பண்றீங்க? இது கரெக்டுங்க. மலைக் கெழங்குதான் மொதல்ல உள்ள போவணும். இத்தினி வருசமா இது எனக்கே தோணல."

"அதான் சார், நானும் யோசிச்சி யோசிச்சித்தான் அப்பிடிப் போட்டேன்" என்றார் அவர்.

மூச்சு விடுகிற நேரத்துக்குள் என்னுடைய தப்பு அவருடைய யோசனையாகிவிட்டது. முதலாளி போனபின், "நான் எழுதினதுதானே சார், என் பேரையும் கீழ போடுங்க" என்று கேட்டேன். வகுப்புக்கு வந்த பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "லோடுமேன் பொண்ணுக்கு இந்த மூள எங்கேர்ந்து வந்திச்சி? எந்த புக்குலேர்ந்து காப்பி அடிச்சேன்னு சொல்லு, அந்த புக்குக்காரன் பேரப் போட்டுடலாம்" என்றார். அவர்களும் சிரித்தார்கள். நான் துடைப்பத்தை அங்கேயே போட்டுவிட்டுப் படியிறங்கினேன். வெயிலில் வெகுதூரம் போனபிறகுதான் செருப்பை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

அன்றிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு வரியும் அவருக்கு எதிராக எழுதியதுதான். சென்னைக்குப் போனேன், தபாலில் டிகிரி படித்தேன், சின்னக் கம்பெனி, பெரிய கம்பெனி என்று மாறினேன். ஒரு புரோகிராம் கச்சிதமாக ஓடும்போதெல்லாம் அந்த ஆளின் முகத்தில் நீரை விசிறியடித்த மாதிரி இருக்கும். மேனேஜர் ஆக்குகிறோம் என்று கூப்பிட்டார்கள், வேண்டாம் என்றேன். மேனேஜர் ஆனால் என் வேலையை வேறு யாரோ எழுதுவார்கள், நான் அதன்மேல் என் பெயரைப் போட வேண்டியிருக்கும். அந்த வேலையைச் செய்கிற ஒருவரை எனக்கு ஏற்கெனவே தெரியும்.

சகாக்களுக்குச் சலித்துப்போனதை நான் பார்த்தேன். கெட்டிக்காரர்கள்தான், ஆரம்பத்தில் என்னைவிட வேகமாக எழுதியவர்கள். கொஞ்சம் கொஞ்சமாக முகத்தில் களை போனது. இப்போது ஏஐ வந்ததும் அப்பாடா என்று கீபோர்டை அதனிடம் கொடுத்துவிட்டார்கள். நானும் அதைப் பயன்படுத்தாமல் இல்லை. சலிப்பான வேலையை அதன் தலையில் கட்டுவேன். ஆனால் சிக்கல் இருக்கிற இடத்துக்கு வந்ததும் அதை ஒதுக்கிவிட்டு நானே உட்கார்ந்துவிடுவேன். என் பழியை வேறொருவர் தீர்க்க விடுவேனா?

சேலம் போகும்போதும் வரும்போதும் சின்னசேலம் தாண்டுகையில் ஜன்னல் வழியே மில்களைப் பார்ப்பேன். அந்த புரோகிராமை அவர் பல மில்களுக்கு விற்றார், அது எல்லா இடத்திலும் ஓடியது. பள்ளிக்கூட விழாக்களில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்ப்யூட்டர் வாத்தியார் என்றால் சங்கராபுரம் வரைக்கும் அவர்தான். அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. நன்றாக இருக்க வேண்டும், கண் தெரிய வேண்டும், காது கேட்க வேண்டும், ஒரு நாள் என் முன்னால் வந்து உட்கார வேண்டும் என்று நினைத்தேன்.

வந்தார். கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று கம்பெனி சொன்னதால் கள்ளக்குறிச்சியில் வாடகைக்கு வீடு பிடித்து அம்மாவோடு இருந்தேன். அப்பா போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. ஒரு நாள் காலையில் அம்மா உள்ளே வந்தாள்.

"ஏண்டி, ஒன் கம்ப்யூட்டர் வாத்தியாரு வந்துக்கிறாரு. ஸ்வீட்டு பொட்டிலாம் வாங்கியாந்துக்கிறாரு."

தலை முழுக்க நரைத்துவிட்டது, ஷூ மட்டும் அப்படியேதான். அம்மா ஃபேனைப் போட்டு, "குந்துங்க சார்" என்று துண்டால் நாற்காலியைத் துடைத்தாள். எனக்கு அந்தத் துண்டைப் பிடுங்கி எறிய வேண்டும் போல இருந்தது.

"இன்னாம்மா, நல்லா கீறியா? இன்னும் கோடிங்தான் எழுதிக்கினு இருக்கியாமே. இந்த வயசுக்கு மேனேஜரு ஆயிருக்க வேணாமா நீ? இப்பல்லாம் எவம்மா கோடிங் எழுதறான். ஏஐகிட்ட கேட்டா குடுத்துட்டுப் போவுது."

"அப்ப கேட்டு வாங்கிக்க வேண்டியதுதானே சார். இங்க எதுக்கு வந்தீங்க?"

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. முதன்முதலில் புரோகிராம் வாங்கிய அந்த மில்லில் பழைய கம்ப்யூட்டர் அடியோடு போய்விட்டது. புதியதில் பாக்ஸ்புரோ ஓடவில்லை. இவர் ஏஐயிடம் கேட்டு வேறொன்றை வாங்கிக் கொடுத்துவிட்டார். அது இவர் சொன்னபடியே செய்தது. வந்த வண்டியை வந்த வரிசையில் விட்டது. மலை வண்டியெல்லாம் பின்னால் போய், கிழங்கு வாசலிலேயே கறுத்தது. மலைக்காரர்கள் கொஞ்ச நாள் பார்த்தார்கள், பிறகு ஆத்தூர் பக்கம் வண்டியைத் திருப்பிவிட்டார்கள். முதலாளி இவரைக் கூப்பிட்டு, நீங்கள் யோசித்து யோசித்துப் போட்ட அந்தக் கணக்கை மறுபடியும் போடுங்கள் என்றிருக்கிறார்.

"இன்னா கணக்கு அதுன்னே எனக்குப் புரியலம்மா" என்றார்.

இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ முறை கற்பனை செய்திருக்கிறேன். நேரில் கேட்டபோது அதைவிட இனிப்பாக இருந்தது. இன்னொரு முறை சொல்லச் சொல்லலாமா என்று கூட நினைத்தேன்.

"அன்னைக்குப் பசங்க முன்னாடி என்னைப் பார்த்து என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா சார்?"

"இன்னா சொன்னேன்?"

அவர் நடிக்கவில்லை. நெற்றியைச் சுருக்கித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. நான் உயிராக வளர்த்த ஒன்று அந்த மண்டைக்குள் எங்கேயும் இல்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. நான் ஒரு நிபந்தனை சொன்னேன். மில்லுக்கு வந்து நானே எழுதிக் கொடுக்கிறேன். ஆனால் முடிகிற வரைக்கும் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலாளி வரும்போது, அன்றைக்கும் இதை எழுதியவள் இவள்தான், நான் இல்லை என்று என் காது கேட்க அவரிடம் சொல்ல வேண்டும். வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

"இவ்ளோதானா? சொல்லிட்டாப் போவுது" என்று அவர் எழுந்தார்.

அவர் போனதும் அம்மா சத்தம் போட்டாள். "வூட்டுக்கு வந்த மனுசன இப்பிடியா பேசுவ? எந்தக் காலத்துக் கதடி அது. வுட்டுத் தள்ளு."

"நீ வுடு. நான் வுட மாட்டேன்" என்றேன்.

மில் ஆபீஸ் கிழங்கு அரைக்கிற கொட்டகையை ஒட்டினாற்போல இருந்தது. ஓயாத மெஷின் சத்தம், புளித்த மாவு வாசனை. வாசலில் லாரிகள், அவற்றின் நிழலில் குந்தியிருந்த டிரைவர்கள். கேட்டில் டோக்கன் போடுகிறவர் எங்கள் இருவருக்கும் நாற்காலி போட்டு டீ வாங்கி வைத்தார். அந்த மில்லிலேயே வேலை பார்த்து நரைத்தவர், என் அம்மாவைத் தெரியும் என்றார். முதலாளி மத்தியானத்துக்கு மேல் வருவார் என்று சொன்னார்கள்.

திட்டம் போட்டுத்தான் போயிருந்தேன். மெதுவாக எழுத வேண்டும், ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி அவரைக் கேட்க வேண்டும். அப்பா அன்றைக்குச் சொன்ன ஊர் நேரங்களை நினைவிலிருந்து அடித்துக்கொண்டே அப்படியே தொடங்கினேன்.

"இந்த ஊருக்கு மட்டும் ஏன் சார் ஜாஸ்தி நேரம் போட்டிருக்கு?"

"தூரம்மா அது."

"ரோட்டுக்குப் பக்கத்து ஊர் சார். நடுவுல ஓடை. மழை பெய்ஞ்சா மூட்டை அக்கரையிலயே நிக்கும்."

"ஓ."

"அப்ப இதுக்கு ஏன் சார் கம்மி?"

அவர் டீயைக் கையில் எடுத்து, குடிக்காமலே வைத்தார். டோக்கன் போடுகிறவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். இன்னும் நாலைந்து கேள்விகளில் அவருக்குக் காது மடல் சிவந்தது. மாலை வரைக்கும் இப்படியே கொண்டுபோகலாம் என்று கணக்குப் போட்டேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் உறுத்தியது. இப்போது மலையில் பல ஊர்களுக்கு ரோடு போட்டுவிட்டார்கள், டிராக்டர் போகிறது. அப்பா சொன்ன நேரமெல்லாம் பழையதாகிவிட்டது. வெளியே போய் பழைய மில்லை விட மனசு கேட்காமல் இன்னும் இங்கேயே வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு மலை டிரைவர்களை விசாரித்தேன். சில ஊர்களில் பாதி வழிதான் டிராக்டர், மழையில் அதுவும் இல்லை. ஒரே ஊரில் மேல் கொல்லைக் காட்டுக்கு ஒரு நேரம், கீழ்க் கொல்லைக் காட்டுக்கு ஒரு நேரம். பழைய மாதிரி ஊருக்கு ஒரு நேரம் என்று எழுதி வைத்தால் மறு சீசனே கெட்டுவிடும். வந்த வண்டிகளைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்கிற மாதிரி எழுத முடியுமா என்று தோன்றியது. உட்கார்ந்தேன். முதலில் எழுதியது சரிவரவில்லை, அழித்தேன். இன்னொரு பக்கத்திலிருந்து போனேன். அதில் ஒரு முடிச்சு விழுந்தது. அந்த முடிச்சை அவிழ்த்ததும் இன்னொன்று தானாகக் கழன்றது. விரல் முன்னால் போக, புத்தி பின்னால் ஓடிவந்தது. கடைசியில் ஓட்டிப் பார்த்தேன். வாசலில் நிற்கிற அத்தனை வண்டியும் திரையில் இடம் மாறி, நகர்ந்து, ஒதுங்கி, ஒரு மலை வண்டி நிதானமாக மேலே போய் நின்றது.

"பாருங்க சார்" என்று திரும்பினேன்.

நாற்காலி காலி. டீயில் ஆடை படிந்திருந்தது. வெயில் வாசலிலிருந்து எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது.

வாசலுக்கு ஓடினேன். டோக்கன் போடுகிறவர் கேட்டை இழுத்துக்கொண்டிருந்தார்.

"சார் எங்க?"

"அவுரு அப்பவே பூட்டாருங்க மேடம். மொதலாளி கார்லயே ஏறிக்கினு."

"முதலாளி வந்தாரா? எப்ப?"

"வந்தாருங்களே. ரெண்டு பேரும் ஒங்க பின்னாடிதான் ரொம்ப நேரம் நின்னுக்கினு இருந்தாங்க. சாரு அவுருகிட்ட இன்னாமோ சொல்லிக்கினு இருந்தாரு."

"என்ன சொன்னார்?"

"மெஷின் சத்தங்க. எனக்குக் கேக்கல. மொதலாளி தல மட்டும் ஆட்டுனாரு."

சொல்லியிருக்கலாம். வேறெதையாவது சொல்லியிருக்கலாம், இதுவும் நான் யோசித்ததுதான் என்று கூடச் சொல்லியிருக்கலாம். முதலாளியிடம் போய், அவர் என்ன சொன்னார் என்று கேட்க நான் பிச்சைக்காரி இல்லை. இத்தனை வருஷம் காத்திருந்த வாக்கியம் என் முதுகுக்குப் பின்னால், கை எட்டுகிற தூரத்தில் நடந்திருக்கிறது அல்லது நடக்கவில்லை. எனக்குத் தலை கொதித்தது. எதிரில் இருந்தவர் மேல் பாய்ந்தேன்.

"ரெண்டு பேரும் கிளம்பறவரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னீங்களா? என்னை ஒரு வார்த்தை கூப்பிட்டா என்ன?"

அவர் கேட்டை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாரே கூப்ட்டாருங்க மேடம். ஒங்க பேரச் சொல்லி, தோளுகிட்ட வந்து குனிஞ்சி கூப்ட்டாரு. நீங்கதான் தானா சிரிச்சிக்கினு அடிச்சிக்கினே இருந்தீங்க."